கருத்துக் கட்டுரைக்குப் புள்ளி போடுவது எப்படி: ஒரு தமிழ் ரீச்சரின் பென்சில் குறிப்புகள்

ஒவ்வொரு வருடமும் இரண்டாம் தவணை முடிகிற நேரம் என் மேசைக்கு ஒரு கட்டு வரும். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் போட்டிக்கு அனுப்பும் மாணவர் பத்திரிகைகள். சில அச்சடித்தவை, சில கணினியில் அடித்து ஏ4 தாளில் எடுத்தவை, இரண்டு மூன்று இன்னமும் கையெழுத்துப் பத்திரிகைதான். செய்தி, கவிதை, துணுக்கு எல்லாவற்றுக்கும் வேறு நடுவர்கள் இருக்கிறார்கள். கருத்துக் கட்டுரை மட்டும் என் தலையில். படிப்பிக்க வருவதற்கு முன் நான்கு வருடம் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்கும் வேலை, அதாவது அச்சுப் பிழை பார்க்கும் வேலை, செய்தேன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

இந்த வருடம் இரண்டு இளம் ஆசிரியர்கள் துணைக்கு வந்தார்கள். "ரீச்சர், எதைப் பார்த்துப் புள்ளி போடுறீங்கள்?" என்று கேட்டார்கள். வாயால் சொல்லிப் பார்த்தேன், ஒழுங்காக வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளின் எழுத்தை வைத்துத்தான் சொல்கிறேன். வேறு ஊர்க்காரர் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தது நினைவிருக்கும். அடுத்த வருடக் கட்டில் அதைப் பற்றியும் எங்கள் பெரிய குளமான இரணைமடுவைப் பற்றியும் ஒரு கட்டுரை வந்தது. "இரணைமடு உடைந்தது, அதோடு எங்கள் நம்பிக்கையும் உடைந்தது" என்று தொடங்கியது. வாசித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சந்தி பிழை இல்லை, பந்திகள் அளவாக இருந்தன, கடைசி வரி கண்ணீர் வரவைத்தது. யோசிக்காமல் முதலிடம் கொடுத்தேன்.

கட்டுரையைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் ஆகவில்லை, ஒரு பிள்ளையின் அம்மப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர். "பிள்ளை, குளம் உடைஞ்சிருந்தா நீங்களும் நானும் இண்டைக்கு இதிலை நிண்டு கதைக்கேலாது. திறந்தது வான்கதவு. திறந்த நேரம் பிழையெண்டு எழுதச் சொல்லுங்கோ, நானும் கையெழுத்து வைக்கிறன். உடைஞ்சதெண்டு எழுத வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. அணைக்கட்டு உடையவே இல்லை. அப்போதுதான் புனரமைப்பு முடிந்து, 34 அடியாக இருந்த குளம் 36 அடி தேக்கக்கூடியதாக மாறியிருந்தது. நிரம்பின தண்ணீரை வெளியே விடும் வான்கதவை எப்போது திறந்திருக்க வேண்டும் என்பதே ஊரில் அன்று நடந்த சண்டை. கட்டுரையோ "உடைந்த" அணையைக் கட்டியவர்களைத் தண்டிக்கக் கேட்டிருந்தது. ஒரு வினைச்சொல் பிழைத்ததால் கட்டுரை முழுவதும் கவிழ்ந்துவிட்டது. எழுதியவன் பதினாறு வயதுப் பெடியன். அதை விசாரித்துப் பார்க்காமல் புள்ளி போட்டவள் நான். அடுத்த இதழில் பிழைதிருத்தம் போடவைத்தோம். அன்றிலிருந்து முதல் வாசிப்பில் நான் புள்ளி போடுவதில்லை.

இப்போது செய்வது இதுதான். முதல் தடவை சும்மா வாசிப்பேன். இரண்டாம் தடவை பென்சிலை எடுப்பேன். சரியா பிழையா என்று யாரும் போய்ப் பார்க்கக்கூடிய வசனத்துக்குக் கீழே நேர்கோடு. எழுதியவரின் எண்ணம், தீர்ப்பு, ஆசை எல்லாவற்றுக்கும் அலைக்கோடு. "பலர்", "சிலர்", "ஆய்வுகள் கூறுகின்றன", "யாவரும் அறிந்ததே" போன்ற ஆளில்லாச் சொற்களைச் சுற்றி வட்டம். பிறகு தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். முழுவதும் அலையாக இருந்தால் அது பேச்சுப் போட்டிக்கு எழுதியது. முழுவதும் நேர்கோடு என்றால் செய்தியோ பாடக்குறிப்போ. வயலும் வரம்பும் போல இரண்டும் மாறி மாறி வந்தால் மேலே போகலாம். வட்டங்கள் ஐந்தைத் தாண்டினால் நான் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. பத்திரிகை ஒரு பக்கம் சாரலாம், ஆனால் கருத்து எது, ஊகம் எது, உண்மை எது என்று வாசகருக்குப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது இலங்கைப் பத்திரிகை ஆசிரியர்களின் ஒழுக்கக் கோவையிலேயே இருக்கிறது. அந்தக் கோவையை வைத்து முறைப்பாடுகளை விசாரிக்க 2003இல் பத்திரிகைத் துறையே ஒரு முறைப்பாட்டு ஆணைக்குழுவையும் அமைத்தது. பெரியவர்கள் எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை.

பென்சில் என்ன காட்டும் என்பதற்கு ஒரே விடயத்தில் வந்த இரண்டு பந்திகளைப் பாருங்கள். முதலாவது:

"இன்றைய நவீன யுகத்திலே போக்குவரத்து என்பது இன்றியமையாத ஒன்றாகும். எனினும் எமது பிரதேச மாணவர்கள் பல்வேறு இன்னல்களை அனுபவித்து வருகின்றனர். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் இது குறித்துக் கவனம் எடுப்பார்களா?"

இதில் நேர்கோடு போட ஒரு இடமும் இல்லை. "பல்வேறு இன்னல்கள்" ஒரு வட்டம், "சம்பந்தப்பட்ட அதிகாரிகள்" இன்னொரு வட்டம். எந்த ஊர், எந்த வருடம் என்றே தெரியாது. இந்தப் பந்தியை எடுத்து வேறு எந்த மாவட்டத்துப் பத்திரிகையிலும் போடலாம்.

இரண்டாவது, மாங்குளத்துக்கு உள்ளேயிருந்து வரும் ஒரு பத்தாம் ஆண்டுப் பிள்ளை எழுதியது:

"காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் எங்கள் சந்தியால் ஏழு பஸ்கள் போகின்றன. ஐந்து நாள் நின்று எண்ணினேன். சீருடையைக் கண்டு நிறுத்தியவை ஒரு நாளிலும் மூன்றுக்கு மேல் இல்லை. பருவச்சீட்டுப் பிள்ளைகளை ஏற்றினால் அன்றைய வருமானம் குறையும் என்று ஒரு நடத்துனர் சொன்னார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் குறையை ஆறாம் ஆண்டுப் பிள்ளை வெயிலில் நின்று கட்ட வேண்டுமா?"

எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. 'நடத்துனர்' என்பதை ஒரு இடத்தில் 'நடத்துணர்' என்று எழுதியிருந்தாள். அதற்கெல்லாம் நான் புள்ளி குறைக்கவில்லை. அவள் நின்றிருக்கிறாள், எண்ணியிருக்கிறாள், தனக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிற ஆளிடமே போய்க் கேட்டிருக்கிறாள், அவர் சொன்னதில் இருக்கிற நியாயத்தை ஒப்புக்கொண்டு அதற்குப் பிறகுதான் தன் கேள்வியைக் கேட்கிறாள். கருத்துக் கட்டுரைக்கு வேண்டிய எல்லாம் ஆறு வசனத்துக்குள் இருந்தன.

"அதிகாரிகள் கவனம் எடுப்பார்களா" என்ற முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் இதை எங்கள் பத்திரிகைகளில் இருந்துதான் பழகினார்கள். ஒப்புநோக்கிய காலத்தில் இந்த வரியை எத்தனை தடவை கண்ணை மூடிக்கொண்டு விட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இப்போது இந்த வரியைக் கண்டால் பக்கத்தில் "எந்த அதிகாரி?" என்று எழுதிவிடுவேன். வீதி குண்டும் குழியுமாக இருக்கிறது என்று எழுதுகிற பிள்ளைக்கு அது யாருடைய வீதி என்று தெரிய வேண்டும். ஏ9 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்தின் கீழ். ஊருக்குள் இருக்கும் கிரவல் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபையின் பாடு. குளமும் அப்படித்தான்: பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில், ஊர்ச் சிறுகுளங்கள் கமநலத் திணைக்களத்தின் கையில். ஏ9 வீதிக்காகப் பிரதேச சபைத் தவிசாளரைத் திட்டி எழுதிய கட்டுரை ஒன்று ஒருமுறை வந்தது. பாவம் அந்த மனிசன்.

சரி, எதிர்ப்பக்கத்துக்கு வருகிறேன். நடுவர்கள் அதிகம் சறுக்குகிற இடமும் இதுதான். எங்களுக்குப் பிடித்த கருத்தை எழுதினால் எங்களை அறியாமலே இரண்டு புள்ளி கூடிவிடும். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கலாமா என்ற தலைப்பு வந்தால் எனக்கே கை நடுங்கும். என் வீட்டுக்காரர் கமம் செய்கிறவர், என் பிறந்த வீடு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில்.

அந்த விடயத்தில் பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்தால், கிளிநொச்சியின் பரந்தன், முரசுமோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் "எங்கள் தண்ணீர்" என்று தொடங்குவார்கள். 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு யாழ்ப்பாணம், கிளிநொச்சி இரண்டுக்குமான குடிநீர்த் திட்டம் வந்தபோது கமக்காரர் அமைப்புகள் எதிர்த்ததைச் சொல்வார்கள். வறண்ட காலத்தில் செய்கிற சிறுபோகத்துக்கே எல்லாருக்கும் தண்ணீர் காணாது, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஏக்கர் கணக்கைப் பங்கு பிரித்துத்தான் விதைக்கிறோம் என்பார்கள். எல்லாம் சரியான தகவல்கள்தான். நேர்கோடு போட்டுக்கொண்டே போகலாம். அதில் நான் தேடுகிற பந்தி வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் உப்பும் உரமும் ஏறின தண்ணீரைக் குடிக்கிற ஒரு தாயின் பக்கத்தை இந்தப் பிள்ளை ஒரு தடவையாவது எழுதியதா? அதுவும் எப்படி எழுதியது? "யாழ்ப்பாணத்தார் சுயநலக்காரர், தண்ணீரை வீணாக்குகிறவர்கள்" என்று ஒரு வைக்கோல் பொம்மையைக் கட்டி அதை அடித்தால் அதற்குப் புள்ளி இல்லை. அந்தத் தாய் இந்தக் கட்டுரையை வாசித்தால் "ஓம், நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கு" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அவருக்குப் பதில் சொல்லட்டும், எவ்வளவு காரமாகச் சொன்னாலும் பரவாயில்லை.

நடுவராக உங்களைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கட்டுரையின் முடிவை மனதுக்குள் தலைகீழாக்குங்கள். "தண்ணீர் கொடுக்கக்கூடாது" என்று வருவதை "கொடுக்க வேண்டும்" என்று மாற்றி, அதே தரமான காரணங்களோடு வந்திருந்தால் இதே புள்ளியைப் போட்டிருப்பேனா? இல்லை என்று மனது சொன்னால் தாளை மற்ற நடுவரிடம் கொடுத்துவிடுங்கள். நான் வருடத்தில் இரண்டு மூன்றையாவது அப்படிக் கொடுக்கிறேன்.

இதே தலைப்பில் காலத்தையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. இன்றைக்கு எழுதுகிற கட்டுரை அந்த நிலையம் இல்லாதது போலவே வாதாடினால், அண்ணனின் பழைய கொப்பியில் இருந்து எடுத்தது என்று சந்தேகப்படலாம். இரசாயன உரமும் அதே மாதிரி. 2021இல் இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தார்கள், அந்த வருட முடிவுக்குள்ளேயே தளர்த்தினார்கள். அந்த மழைக்கால விதைப்பில், காலபோகத்தில், என்ன நடந்தது என்று வீட்டு முற்றத்தில் கேட்டாலே கதை கதையாகச் சொல்வார்கள். இயற்கை உரத்தை ஆதரித்து எழுதுகிற பிள்ளை அந்த வருடத்தைத் தொடாமல் தாண்டிப் போனால் வாசகர் நம்ப மாட்டார். தொட்டுவிட்டு, "அது அவசரப்பட்டதால் வந்த வினை, படிப்படியாகச் செய்தால் முடியும்" என்று எழுதினால் அது வாதம்.

தகவலை எங்கே எடுத்தாய் என்று கேட்டால் பிள்ளைகள் "இணையத்தில், ரீச்சர்" என்பார்கள். எங்கள் ஊரைப் பற்றி இணையத்தில் என்ன கிடக்கிறது? கமநல சேவை நிலையத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ போனால் கிடைக்கிற தகவல் அங்கே கிடைக்காது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பொது அலுவலகத்திலும் தமிழில் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது, தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பத்திரிகைக் குழுப் பொறுப்பாசிரியர் தவணைத் தொடக்கத்திலேயே ஒரு கடிதம் போட்டால் தவணை முடிவதற்குள் கையில் பதில் இருக்கும். கடிதம் போட்டுப் பதிலே வராவிட்டாலும் அது ஒரு தகவல்தான். "கேட்டோம், பதில் வரவில்லை" என்று திகதியோடு எழுதிய கட்டுரைக்கு நான் முழுப் புள்ளியும் கொடுத்திருக்கிறேன்.

கைபேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கிய கட்டுரைகளும் இப்போது வருகின்றன. பிடிப்பதற்குப் பெரிய கெட்டித்தனம் வேண்டாம். எங்கள் பிள்ளை "கமக்காரர்" என்று எழுதும் இடத்தில் "விவசாயப் பெருமக்கள்" இருப்பார்கள். மூன்று காரணம், மூன்று தீர்வு என்று எல்லாம் அளவெடுத்தது போல இருக்கும். ஒரு ஆளின் பேச்சோ ஒரு சந்தியின் பெயரோ இருக்காது. நான் கோபப்படுவதில்லை. கூப்பிட்டு, "இதில் நீ போய்ப் பார்த்தது எது?" என்று மட்டும் கேட்பேன். தலை குனிந்தால் இன்னொரு கிழமை அவகாசம்.

எனக்கு இன்னும் முழுதாகக் கைவராத ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் போராட்டமாக அமர்ந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அப்பாவைப் பற்றி எழுதினால் பென்சிலை எடுத்து "இதற்கு ஆதாரம்?" என்று எழுத எந்தக் கைக்கு வரும்?

நான் நெடுநாள் இப்படிப்பட்ட கட்டுரைகளுக்கு ஒரு நடுத்தரப் புள்ளியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கொண்டிருந்தேன். அது மரியாதை என்று நினைத்தேன். பிறகு ஒரு பிள்ளை எழுதியதை வாசித்தபோது என் முறை பிழை என்று விளங்கியது. காணாமல் ஆக்கப்பட்ட அப்பாவுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்க அவளுடைய அம்மா மறுத்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா வாங்கிவிட்டார், காணி உறுதியை மாற்ற வேறு வழியில்லை. இரண்டு அம்மாக்களும் இப்போது கதைப்பதில்லை. 2016இல் இருந்து, இறந்தார் என்று சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழ் பெறவும் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதை அவள் தேடி எழுதியிருந்தாள். அது தன் அம்மாவுக்கு ஏன் போதாது என்றும் எழுதியிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாவை ஒரு இடத்திலும் குறை சொல்லவில்லை. "எங்கள் அம்மா வாங்கக்கூடாது என்பதுதான் என் கருத்து. ஆனால் வாங்கியவரோடு கதைக்க வேண்டும் என்பதும் என் கருத்து" என்று எழுதியிருந்தாள்.

துயரத்துக்குப் புள்ளி போடவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அதைத் தொடாமல் விடுங்கள். அந்தத் துயரத்தோடு பிள்ளை எதை யோசித்தது, யாரிடம் எதைக் கேட்கிறது என்பதற்கு மற்றவர்களுக்குப் போடுவது போலவே போடுங்கள். குறைத்து மதிப்பிட வேண்டாம், இரங்கிக் கூட்டவும் வேண்டாம். அவளுக்கு 20க்கு 18 போட்டேன். இரண்டு குறைந்ததற்குக் காரணம் நடுவில் ஒரு பந்தி திரும்ப வந்தது, அதையும் அவளிடம் சொன்னேன். கட்டுரையைச் சுவரில் ஒட்டும் முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினாயா என்று மட்டும் கேட்டேன். பெயரைப் போடுவதா, முதலெழுத்தை மட்டும் போடுவதா என்பதை வீட்டார் முடிவு செய்ய வேண்டும். இந்த விடயத்தில் நடுவரும் அதிபரும் அவசரப்படக் கூடாது.

பெயர் என்றதும் இன்னொன்று. அலுவலர் ஒருவரையோ கடைக்காரரையோ "கள்ளன்" என்று எழுதிய கட்டுரை வந்தால் எவ்வளவு திறமாக இருந்தாலும் அந்த வரியோடு வெளியே விடக்கூடாது. குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது, ஆனால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடும் வழி இருக்கிறது. முகநூலில் பத்திரிகையின் படத்தை ஏற்றினால் 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்து நிற்கும். செயலைப் பற்றி எழுது, ஆளுக்குப் பட்டம் கட்டாதே என்று சொல்லிக்கொடுங்கள். பயந்து எல்லாவற்றையும் வெட்டுகிற ஆசிரியர்களும் உண்டு, அது இதைவிட மோசம்.

20 புள்ளியை நான் பிரிப்பது இப்படி: தேடலுக்கும் சான்றுக்கும் 7, எதிர்ப்பக்கத்துக்கு 5, சொல்ல வந்தது ஒரே வசனத்தில் சொல்லக்கூடியதாக இருந்தால் 4, யாரிடம் என்ன கேட்கிறது என்பதற்கு 2, மொழிக்கு 2. மொழிக்கு இரண்டுதானா என்று தமிழ் ஆசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நானும் தமிழ் ஆசிரியர்தான். மொழிக்குப் புள்ளி போட இலக்கணம், கட்டுரை, தமிழ்த் தினப் போட்டி என்று எத்தனை இடம் இருக்கிறது. தலைப்புக்குத் தனிப் புள்ளி இல்லை. வள்ளுவரை முதல் வரியில் கூட்டிவந்தால் புள்ளி குறைப்பதில்லை, ஆனால் அவர் வந்த வேலை என்ன என்று கேட்பேன்.

புள்ளியை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு கேள்வி எழுதுங்கள், ஒன்றே போதும். பிள்ளை எழுந்து போய் விடை தேடக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். இந்த வருடம் முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கத்துப் பெடியன் ஒருவன் வாய்க்காலில் தண்ணீர் களவாக மறிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தான். "வாய்க்கால் பொறுப்பாளரிடம் கேட்டாயா?" என்று அடியில் எழுதினேன். அதற்குக் கீழே அவன் எழுதி அனுப்பினான்: "கேட்கப் போனேன் ரீச்சர். அவர் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார்."

அடுத்த கிழமை திரும்பவும் போயிருக்கிறான். மறித்தது யார் என்று பொறுப்பாளர் சொன்னாராம். மூன்றாம் பந்தியை முழுக்க வெட்டிவிட்டு வேறு எழுதிக்கொண்டு வந்தான். மறித்தவர்களில் அவனுடைய மாமாவும் ஒருவர். அதையும் எழுதியிருந்தான்.